லாரிக்கு முன்னால் நடந்தவர்

மழை விட்டுக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். மாசாய் போகும் வழியில், சிவப்பு விளக்கில், எனக்கு முன்னால் ஒரு சிமெண்டு லாரி நின்றது. காரின் கண்ணாடியை இறக்கினேன். லாரியின் சக்கரங்களுக்குள்ளிருந்து ஒரு வாசம் புறப்பட்டு வந்து மூக்கில் உட்கார்ந்தது. நனைந்த பிரேக் சூடேறிக் காய்கிற வாசம். கருகிய ரப்பர், ஈர இரும்பு, அடியில் எங்கோ தீய்ந்த கடலை.

பக்கத்து இருக்கையில் கண்மூடிக் கிடந்த என் தம்பி சரவணன் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினான்.

"அக்கா வாசம்," என்றான்.

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். நான் பாலோவில் இருந்தேன்.

அக்கா என்றால் எங்களுக்கு ஒருவர்தான். உறவு கிடையாது. பாலோவில் நாங்கள் அப்போது குடியிருந்த தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பின் கடைசி வீடு அவருடையது. அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்த ஊரில் யாருக்கும் அது யாரென்று தெரியாது. லாரி அக்கா என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

செம்பனை எண்ணெய் ஆலையின் எடைப்பாலத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பழக்குலை ஏற்றிவரும் லாரிகளை வரும்போது ஒருமுறை, கொட்டிவிட்டுப் போகும்போது ஒருமுறை எடை பார்ப்பது. "எல்லா லாரியும் எம்முன்னால வந்து நின்னு மூச்சு வாங்கும். ஒண்ணாச்சும் ஏறிக்கோன்னு சொல்லுச்சா?" என்பார். வேலையை விட்டு ஓய்வுக்கு வந்த இரண்டாம் மாதம், குளுவாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையின் கொல்லையில் புல் முளைத்துக் கிடந்த பட்டாளத்து லாரி ஒன்றை வாங்கி, இன்னொரு லாரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஊர் கூடிப் பார்த்தது. ஓய்வுக்கு வந்த பெண்கள் காசிக்குப் போவார்கள், பேரப்பிள்ளை பார்க்கப் போவார்கள். இப்படி ஒன்றை ஊர் பார்த்ததில்லை.

மூன்று டன் சுமக்கப் பிறந்த லாரி. சப்பை மூக்கு. முன்கண்ணாடி இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகத் தூக்கி வைக்கலாம். இன்ஜின் வண்டிக்கு முன்னால் இல்லை, ஓட்டுபவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவில், ஓர் இரும்பு மூடிக்கடியில் கொதித்துக்கொண்டிருக்கும். கதவோரம் துப்பாக்கி மாட்டும் கொக்கி இரண்டு இருந்தன. ஒன்றில் குடை, இன்னொன்றில் மூங்கில் கம்பு. பட்டாளத்துப் பச்சையைச் சுரண்டிவிட்டு ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளிர்நீலம் அடித்திருந்தார். "பச்சையில இருந்தா எந்தச் சண்டைக்குக்கா போறீங்கன்னு கேக்குறானுங்க" என்று காரணம் சொன்னார்.

சனிக்கிழமை முழுக்க லாரிக்கு. கைலியை முழங்காலுக்கு ஏற்றி முடிந்துகொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அடியில் சாக்கு விரித்து நுழைந்துவிடுவார். இரண்டு கால் மட்டும் வெளியே நீண்டிருக்கும். கிரீஸ் அடிக்கும் இடங்கள் எத்தனையோ அத்தனைக்கும் ஒவ்வொரு குரல் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்; ஒன்றோடு கொஞ்சுவார், ஒன்றை வைவார். "ஏண்டி, போன வாரம்தானே குடிச்ச?" என்று லாரிக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தால், தெருவில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டுவார். அங்கேதான் ஊருக்குச் சிரிப்பு வந்தது.

ஏனென்றால் அக்கா ஓட்டியதைவிட நடந்ததுதான் அதிகம்.

தோட்டச் சாலையில் ஒரு மதகு வந்தால் நிறுத்துவார். பலகைப் பாலம் வந்தால் நிறுத்துவார். தேங்கிய மழைத் தண்ணீர், புதிதாய்க் கொட்டிய செம்மண், முறிந்து கிடக்கும் மட்டை, எது வந்தாலும் நிறுத்துவார். கையில் கம்பை எடுப்பார். "போய்ப் பாத்துட்டு வர்றேன். யாரும் எறங்காதீங்க" என்பார். போகும்போது இடது சக்கரம் போகப்போகும் தடத்தில் நடப்பார். வரும்போது வலது சக்கரத்தின் தடத்தில். இரண்டு சக்கரத்துக்கும் தரை இருக்கிறது என்று அவர் பாதங்கள் சாட்சி சொன்ன பிறகுதான் கியர் விழும். காஹாங்கில் ரொட்டி சானாய் தின்னப் புறப்பட்டால், போய்ச் சேரும்போது கடைக்காரர் கல்லைக் கழுவிக்கொண்டிருப்பார்.

தோட்டத்து லாரிக்காரர்கள் பக்கத்தில் வந்து வேகம் குறைத்துக் கேட்பார்கள்: "அக்கா, நீங்க லாரி வாங்கினீங்களா, செருப்பு வாங்கினீங்களா?"

"ரெண்டுந்தான். உனக்கு எது வேணும்?"

சரவணனுக்கு அந்த ஞாயிறுகள் மருந்து. அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் குளுவாங்கில் ஓர் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருவான். உடம்பு தண்ணீரை வெளியே தள்ளாது. குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கி எடையாக ஏறும், இயந்திரம்தான் இறக்கும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அவனுக்கு அனுமதி. லாரியின் உயரமான இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் தாகம் தெரியவில்லை என்பான்.

அக்கா அவனை முதல்முறை பார்த்தபோதே மேலும் கீழும் அளந்தார். "அறுபது கிலோ?" என்றார். அன்று காலை தராசு அதைத்தான் காட்டியிருந்தது. அதன்பிறகு அது ஒரு விளையாட்டானது. குளுவாங்கிலிருந்து அவன் திரும்பி வரும்போது வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "அம்பத்தெட்டு. நல்லா எறக்கிருக்கான்." புறப்படும் நாளில்: "அறுபத்தொண்ணா? எங்கடா தண்ணி குடிச்ச, திருட்டுப் பயலே?" எந்த எண்ணும் அரைக் கிலோவுக்கு மேல் தப்பியதில்லை. வாழ்நாள் முழுக்க எடைக்கு முன்னால் உட்கார்ந்தவரின் கண் அப்படி ஆகிவிட்டிருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் எடை சொல்லிப் பெண் வீட்டாரைக் கலவரப்படுத்தியதும் உண்டு.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியன். மீதி நேரத்தில் வரிகளை எழுதி வரிகளை அடிக்கிறவன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன். இந்த நடைக்குப் பின்னால் ஏதோ ஒரு காயம் இருக்க வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. என்றோ ஒரு பாலம் இடிந்திருக்க வேண்டும், என்றோ ஒரு லாரி கவிழ்ந்திருக்க வேண்டும், யாரோ ஒருவன் திரும்பி வராமல் போயிருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் அடுத்தவர் காயத்துக்கு அலைவது ஒரு வியாதி. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அக்கா, முன்ன எப்பவாச்சும், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும்..."

"யாருக்கு என்ன?"

"இல்ல, இவ்ளோ பாத்துப் பாத்துப் போறீங்களே. ஏதாச்சும் நடந்துச்சா?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எடை போடுகிறாரோ என்று வயிற்றை உள்ளிழுத்தேன்.

"ஒண்ணும் நடக்கல, வாத்தியாரே. இத்தன வருசத்துல ஒண்ணுமே நடக்கல." ஸ்பேனரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் நடக்காம இருக்குது பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

எனக்குப் பெரிய ஏமாற்றம். அந்த வயதில் அந்த வாக்கியத்தின் எடை எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் மழை வந்து உட்கார்ந்துகொண்டது. பாலோவுக்கு வருடக் கடைசி மழை புதிதல்ல. ஆனால் அது எழுந்து போக மறந்துவிட்டது. இரவும் பகலும் ஒரே சத்தம். வியாழக்கிழமை குளுவாங் சாலை இரண்டு இடங்களில் முழுகியது. சரவணன் அன்றைய முறையைத் தவறவிட்டான். கடைசியாக ரத்தம் கழுவியது செவ்வாய். சனிக்கிழமை விடிந்தபோது அவன் முகம் அதைத்துப் போயிருந்தது. காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறான்.

"ஊரே தண்ணியில மெதக்குது, எனக்கு மட்டும் அர லிட்டரு," என்றான் இழுத்து இழுத்து. "என்னா நியாயம்ணே இது?"

சிரிக்க முயன்றேன். ரத்தம் கழுவும் குளுவாங் மையத்துக்குப் போன் போட்டேன். தாதி சொன்னார், பன்னிரண்டு மணி வரைக்கும் இடம் வைத்திருக்கிறோம், எப்படியாவது கொண்டு வாருங்கள், இன்னொரு முறை தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். மீட்புப் படகுக்குப் போட்டேன். மாலைக்குள் வருவதாகச் சொன்னார்கள். எந்த மாலை என்று சொல்லவில்லை.

கடைசி வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஏழரை. அக்கா வெளியே வந்து, குடையைக்கூட விரிக்காமல், எங்கள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"அறுபத்து மூணு," என்றார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. "அஞ்சு கிலோ ஏத்தி வச்சிருக்கான். கெளம்புங்க."

பெருஞ்சாலை வேண்டாமென்று தோட்டத்துக்குள் திருப்பினார். ஆலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் மேட்டுத் தரை. இடையில் ஒரு பள்ளம், ஒரு பாலம், அவ்வளவுதான் என்றார். சரவணன் பக்கத்து இருக்கையில். நான் நடுவில், இன்ஜின் மூடிமேல் சாக்குப் போட்டு, பின்பக்கம் வேக.

பள்ளம் குளமாகியிருந்தது. செம்பனை வரிசைகள் தண்ணீருக்குள்ளிருந்து நேராக முளைத்திருந்தன. சாலை எங்கே முடிகிறது, ஓடை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வழக்கம்போல நிறுத்தினார். வழக்கம்போலக் கம்பை எடுத்தார்.

"அக்கா, இது பட்டாளத்து லாரி! தண்ணியில எறக்குங்க!" என்றேன்.

"போய்ப் பாத்துட்டு வர்றேன். யாரும் எறங்காதீங்க."

இடுப்பளவுத் தண்ணீரில், கம்பை ஊன்றி ஊன்றி, இடது சக்கரத்தின் தடத்தில் அந்த மனுஷி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறியதாகிக்கொண்டே போனார். அந்தக் கரையில் ஏறினார். திரும்பினார். வலது சக்கரத்தின் தடத்தில் வந்தார். என் கைக்கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் செத்திருந்தது. அத்தனையையும் நான் பல்லால் கடித்தேன்.

வந்தவர் இன்ஜின் மூடியைத் திறந்து ஒரு நட்டைத் தளர்த்தி, காற்றாடியைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீருக்குள் காற்றாடி சுழன்றால் இன்ஜின் மேலெல்லாம் வாரி அடிக்கும், நெருப்பு வரும் இடம் நனைந்தால் வண்டி நடுத்தண்ணீரில் நின்றுவிடும். பெல்ட் இல்லாமல் அதிக தூரம் ஓட்டவும் முடியாது. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவதும் அதே பெல்ட்தான், பத்து நிமிடத்தில் கொதித்துவிடும். தண்ணீரைத் தாண்டியதும் திரும்ப மாட்ட வேண்டும்.

"பிடிங்க, வாத்தியாரே. கீழ வச்சிராதீங்க. இருக்கிறது இது ஒண்ணுதான். இன்னொண்ணு போன வாரம் அறுந்துபோச்சு, புதுசு சொல்லி விட்டிருக்கேன், இன்னும் வரல."

கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் தோளில் சரிந்து தொங்கியது. கறுப்பு மாலை.

முதல் கியர் ஊளையிட்டது. லாரி தண்ணீருக்குள் இறங்கியது. கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் பாதங்களைத் தொட்டுப் பார்த்தது. அக்கா கியரையும் மாற்றவில்லை, வேகத்தையும் மாற்றவில்லை, நடந்த தடத்திலிருந்து ஒரு முழம்கூட விலகவில்லை. மூக்கு மேடேறியபோது சரவணன் கைதட்டினான். அக்கா பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டினார், சக்கரத்துக்குள் போன தண்ணீர் காய்வதற்காக. அப்போது எழுந்ததுதான் அந்த வாசம். கருகலும் ஈரமும் கடலையும். எங்கள் மூவருக்கும் அது பாயச வாசம்.

"அடுத்தது பாலம், ரெண்டே நிமிசம். தாண்டிட்டு பெல்ட்டு போட்டுக்கலாம்," என்றார்.

பாலம் வந்தது. பழைய தண்டவாளங்களின்மேல் பலகை அடித்த பாலம். பலகைக்கு மேலே கணுக்கால் அளவுதான் தண்ணீர், கண்ணாடி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. கீழே பெரும் பாரிட், தோட்டத்தின் வடிகால், கட்டிப்போட்ட மாடு மாதிரி முட்டிக்கொண்டு ஓடியது. அந்தக் கரையில் ஆலையின் பிக்-அப் ஒன்று நின்றது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அக்கா ஆலைக்குப் போன் போட்டிருக்கிறார். மேட்டுச் சாலையில் மரம் ஏதும் விழுந்து கிடக்கிறதா என்று பார்க்க பாக் மானை வரச் சொல்லியிருக்கிறார். பாக் மான் ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் வீசினார்.

"போலே லா, காக்! போலே!" முடியும் அக்கா, வா, வா.

அக்கா கம்போடு இறங்கினார். இந்த முறை அரைப் பாலத்திலேயே நின்றுவிட்டார். வெறுங்காலைப் பலகைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல நின்றார். திரும்பும்போது ஓரத்தில் குனிந்து, பாலம் கரையில் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கம்பால் குத்திப் பார்த்தார். வந்தார்.

"வேணாம்," என்றார்.

"என்ன வேணாம்?"

"லாரி வேணாம். கரையில மண்ணு கரையுது. பலக அதிருது."

"அக்கா, தெனம் பழக்கொல ஏத்தின லாரி இதுலதான் போவுது! அவரே வரச் சொல்றாரு!"

"வெயில்ல போவுது."

மணி ஒன்பதே முக்கால். என் பக்கத்தில் சரவணனின் மூச்சு ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டிருந்தது. எனக்குள் இருந்த அவசரம் அத்தனையும் வாய்க்கு வந்தது.

"நடக்கிறதுக்கா லாரி வாங்குனீங்க? ஊரு சிரிக்கிறது சரிதான்! இவன் செத்தா செத்துட்டுப் போறான், உங்க பாலம் பத்திரமா நிக்கட்டும்!"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சரவணனைப் பார்த்தார். நான் அறிந்த அந்தப் பார்வை, மேலும் கீழும்.

"இது நாலர டன்னு," என்று லாரியின் நெற்றியைத் தட்டினார். "ஏறாது. நீ அறுபத்து மூணு கிலோ. நீ ஏறுவ. நடப்பியாடா?"

"அண்ணே, நீ வாய மூடு," என்றான் சரவணன். கதவைப் பிடித்து இறங்கினான். "நடக்குறேங்க்கா."

"என் பின்னால. நான் வச்ச எடத்துல வய்யி."

நடந்தார்கள். முன்னால் அக்கா, கம்பால் தட்டித் தட்டி. அவர் தோள்கள் இரண்டிலும் கைகளை ஊன்றிக்கொண்டு சரவணன். பின்னால் அவன் பையோடு நான். எத்தனை ஞாயிறுகள் ஒரு லாரிக்கு முன்னால் அவர் இப்படி நடப்பதைப் பார்த்துச் சலித்திருப்பேன். ஒரு மனிதனுக்கு முன்னால் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். அதே நடை. அதே நிதானம். அவரைப் பொறுத்தவரை சுமை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நடுவில் சரவணன் நின்றுவிட்டான். மூச்சு வரவில்லை. பலகை என் உள்ளங்காலுக்குக் கீழே நடுங்குவதை நானும் உணர்ந்தேன். அது பலகையா, நானா?

"நில்லு. மூச்சு வாங்கு," என்றார் அக்கா, திரும்பாமலே. "எல்லா லாரியும் எங்கிட்ட நின்னு வாங்கினதுதான். வாங்கிக்கோ. அவசரமில்ல."

அவசரமில்லை என்றாரே, அந்த ஒரு சொல்லில் அவன் முதுகு தளர்ந்ததைப் பார்த்தேன். பத்து மூச்சு. பிறகு நடந்தான். பாக் மான் ஓடிவந்து தூக்கிக்கொண்டார்.

அக்கா திரும்பி நடந்தார். தண்ணீர் ஏறுவதற்குள் லாரியை மேட்டுக்கு நகர்த்த வேண்டும். நான் பிக்-அப்பில் ஏறிக் கதவை அடைத்தேன். நன்றி என்ற சொல்லைக்கூட அந்தக் கரையில் விட்டு வைக்கவில்லை.

பதினொன்றரைக்குக் குளுவாங் மையத்துக்குள் நுழைந்தோம். தராசு 62.8 காட்டியது. ஊசி ஏறியது, இயந்திரம் சுற்றத் தொடங்கியது, ரத்தம் குழாய்க்குள் சிவப்பாக நடந்து போய்த் திரும்பி வந்தது. அரைமணி நேரத்தில் சரவணனின் மூச்சு இறங்கி ஒரு சீருக்கு வந்தது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தேன். அப்படியோர் உடம்பு லேசை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. தாதி என்னை உற்றுப் பார்த்தார்.

"சார், தோள்ல என்னா அது? பாம்பா?"

தொட்டுப் பார்த்தேன்.

பெல்ட்.

அக்காவின் ஒரே பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளுவாங் வரைக்கும் வந்திருந்தேன். அவர் அங்கே, முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர், நடுவில் ஓடாத லாரியோடு.

போன் போட்டேன். அடிக்கவில்லை. பாக் மான் ஆலைக்குத் திரும்பியிருந்தார். அன்று பிற்பகல் பாலத்துக்கு மேல் தண்ணீர் இடுப்பளவு போகிறது, யாரும் நெருங்க முடியாது என்றார். ஞாயிறும் அப்படியே. இரண்டு நாளும் நான் அந்தப் பெல்ட்டைக் கழற்றவே இல்லை. வெள்ள நிவாரண முகாமாக்கிய பள்ளியில் படுத்தபோதும் நெஞ்சின்மேல் கிடந்தது. அது நாலரை டன் இருந்தது.

திங்கள் காலை தண்ணீர் வடிந்தது. பாக் மான் கூட்டிப்போனார். பாலத்தை நடந்தே தாண்டி, மேட்டுக்கு ஓடினேன். நீல லாரி நின்றது. கித்தான் கூரையில் கைலி காய்ந்தது. பின்பலகையில் அக்கா உட்கார்ந்து மெகி நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஒரு நாய், வலப்பக்கம் நான்கு கோழி, எங்கிருந்தோ ஒதுங்கியவை. ஒன்றையொன்று சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தன.

"அக்கா..." என்றேன்.

"தம்பி என்ன எட?"

"அறுபதுக்கு எறக்கிட்டாங்க. இன்னைக்கு மறுபடியும். மூச்சு நல்லாருக்கு."

"ம்." கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். தோள்கள் இறங்கின. ரொம்ப நேரமாகத் தூக்கி வைத்திருந்த எதையோ கீழே வைத்த மாதிரி இருந்தது. பிறகுதான் என் கழுத்தைப் பார்த்தார். "மாலய கழட்டுங்க, வாத்தியாரே. கல்யாணம் முடிஞ்சிருச்சு."

நான் அழுதேன். அவர் சிரித்தார். நாய் குரைத்தது. கைலியைக் கிழித்து முறுக்கிப் பெல்ட்டுக்குப் பதிலாகக் கட்டிப் பார்த்தாராம். ஐந்து நிமிடம் தாங்கியதாம். "அந்தச் செவலக் கோழி ரெண்டே கால் கிலோ" என்று கூடுதல் தகவலும் தந்தார். அன்று பாலத்தில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச வாயெடுத்தபோது ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தப் பாலம் இடியவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் நிற்கிறது. வெள்ளம் வடிந்து கரையைக் கட்டிய பிறகு, குலை லாரிகள் வழக்கம்போலப் போயின. காப்பிக் கடையில் ஒரு லாரிக்காரர் ஆரம்பித்தார்: "பாலம் அப்படியேதான் நிக்குது அக்கா! சும்மா பயந்து, நோயாளிய நடக்க வச்சு, ரெண்டு நாளு கோழியோட குடும்பம் நடத்தி..."

"நிக்குதா?" என்றார் அக்கா, காப்பியை ஆற்றியபடி. "நல்லது. அதுக்குத்தானே ஏத்தல?"

கடை சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

அடுத்த வருடம் மழைக்கு முன்பே நாங்கள் மாசாய்க்கு வீடு மாறினோம். அங்கே மையம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதன்பிறகு பாலோவுக்கு ஒருமுறைதான் போனேன். கடைசி வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. லாரி நின்ற இடத்தில் புல்கூட முளைக்காத ஓர் எண்ணெய்க் கறை. அக்கா வெகுதூரம் வடக்கே, தைப்பிங்கிலுள்ள தங்கை வீட்டோடு போய்விட்டாராம், லாரியை அவரே ஓட்டிக்கொண்டு. "போய்ச் சேர ஆறு நாளாச்சாம் லா!" என்று ஊர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வழியில் எத்தனை பாலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறு நாள் சரியான கணக்குத்தான்.

நாங்கள் வீடு மாறிய அன்று அக்கா எங்கள் கட்டிலையும் அலமாரியையும் லாரியில் ஏற்றவில்லை. அதற்கு வாடகை வேன் வந்தது. ஆனால் வேனுக்கும் எங்கள் காருக்கும் முன்னால் அந்த நீல லாரி ஊர்ந்தது, தாமானிலிருந்து பெருஞ்சாலைச் சந்திப்பு வரைக்கும், நாற்பதைத் தாண்டாமல். வேன்காரர் ஹாரனில் கையை வைத்தபடியே வந்தார். சந்திப்பில் அக்கா ஓரங்கட்டினார். கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். தார்ச்சாலை, வெயில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்தும் பெருஞ்சாலையின் ஓரமாகப் போய், வளைவு வரைக்கும் நடந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதிர் ஓரமாகத் திரும்பி வந்தார்.

என் கார்க் கண்ணாடியில் குனிந்தார். பக்கத்திலிருந்த சரவணனைப் பார்த்து, "அம்பத்தொம்பது" என்று முணுமுணுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தோளக் காட்டுங்க, வாத்தியாரே."

காட்டினேன். இடது தோள். வலது தோள்.

"ஒண்ணும் எடுத்துட்டுப் போகல," என்றார். கம்பால் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். "போய்ப் பாத்துட்டேன். ரோடு நல்லாத்தான் இருக்கு. போங்க."